இங்கிலாந்து கிராமத்துப் பழைய தேவாலயத்தைப் பார்ப்பது எப்படி?

இங்கிலாந்தில் எந்தக் கிராமத்து வழியாகப் போனாலும் மரங்களுக்கு மேல் ஒரு கல் கோபுரம் தலைகாட்டும். பெரும்பாலும் அந்த ஊரிலேயே பழைய கட்டடம் அதுதான். பல ஊர்களில் அதற்கு 800, 900 வயது ஆகியிருக்கும். நுழைவுச் சீட்டு கிடையாது, பகலில் பல இடங்களில் கதவும் பூட்டியிருக்காது. இருந்தும் நம்மில் பலர் வெளியே நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். உள்ளே போனவர்களும் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறார்கள். நாலு வெள்ளைச் சுவர், பெஞ்சு, ஒரு சிலுவை, அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று நினைப்பு.

அந்த வெள்ளைச் சுவர்தான் நம்மை ஏமாற்றுகிறது. 1500-ல் அதே இடத்தில் நின்றிருந்தால் தரையிலிருந்து கூரை வரை வண்ணமாக இருந்திருக்கும். சுவரெல்லாம் ஓவியம், தூணுக்குத் தூண் சுரூபம், அதன் முன்னே எரியும் மெழுகுத்திரி. எட்டாம் ஹென்றி மன்னர் ரோமின் போப்பைவிட்டுப் பிரிந்ததும் நிலைமை மாறத் தொடங்கியது. சீர்திருத்தம் என்பது இந்த மாற்றத்தைத்தான். அவர் மகன் ஆறாம் எட்வர்டின் ஆட்சியில், 1547 முதல் 1553 வரையிலான ஆறே ஆண்டுகளில், பெரும்பாலானவை அகற்றப்பட்டன. மிஞ்சியவற்றில் பலவற்றை 1640களின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் உருவ வழிபாட்டை வெறுத்த தூய்மைவாதிகள் (பியூரிட்டன்கள்) உடைத்தார்கள். ஆனால் கல்லில் தடம் நின்றுவிட்டது. ஆணி அடித்த ஓட்டை, வெட்டி எடுத்த விளிம்பு, அடைத்த கதவு என்று எங்கு பார்த்தாலும் வடு. அந்த வடுக்களைத் தேடப் பழகிவிட்டால், ஐந்து நிமிடத்தில் முடிந்த இடத்துக்கு ஒரு மணி நேரம் போதாது. கீழே சொல்லும் வரிசை நான் பல ஊர்களில் நடந்து பழகியது.

புறப்படும் முன்

ஒரு சிறிய டார்ச், இருந்தால் ஒரு பைனாகுலர். இரண்டும் இல்லாமல் போனால் பாதி கண்ணில் படாது. உண்டியலில் போடச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், கார்டு தட்டும் கருவி எல்லா ஊரிலும் இருக்காது. ஞாயிறு காலை ஆராதனை நேரத்தைத் தவிர்ப்பது நல்லது. செருப்பைக் கழற்ற வேண்டாம். பூட்டியிருந்தால் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள், சாவி யார் வீட்டில் இருக்கிறது என்று எழுதியிருப்பார்கள். அப்படி ஒரு வீட்டுக் கதவைத் தட்டிச் சாவி கேட்டால், கொடுப்பதோடு கோயிலைப் பற்றிக் கால் மணி நேரம் பேசுபவர்களும் உண்டு. அந்தப் பேச்சைத் தவறவிடாதீர்கள்.

முதலில் வெளியே ஒரு சுற்று

நேராக உள்ளே போகாதீர்கள். கல்லறைத் தோட்டத்தின் வாசலில் கூரை போட்ட மர மண்டபம் இருந்தால் அதன் பெயர் லிச்கேட். பழைய ஆங்கிலத்தில் 'லிச்' என்றால் பிணம். சவத்தைச் சுமந்து வந்தவர்கள், குருவானவர் வந்து எதிர்கொள்ளும் வரை காத்திருந்த இடம் அது.

அடுத்து திசையைப் பிடியுங்கள். பலிபீடம் கிழக்கில், கோபுரம் பெரும்பாலும் மேற்கில். மக்கள் நிற்கும் நீண்ட கூடத்துக்கு நேவ் என்று பெயர். பலிபீடம் உள்ள கிழக்குப் பகுதி சான்சல். வெளியிலிருந்து பார்த்தாலே இரண்டும் தனித்தனிக் கூரையோடு இருப்பது தெரியும். நேவ் உயரமாக, பெரிய சன்னல்களோடு செழிப்பாக இருக்கும். சான்சலோ தாழ்வாக, நூறு இருநூறு வருடம் பழையதாக இருக்கும். இதற்குக் காரணம் கலை ரசனை அல்ல, செலவுக் கணக்கு. நேவைப் பராமரிப்பது ஊர்மக்கள் பொறுப்பு. சான்சலைப் பராமரிப்பது, ஊரின் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை, அதாவது தசமபாகத்தை, வாங்கும் ரெக்டரின் பொறுப்பு. ஆட்டு ரோமத்தில் பணம் புரண்ட ஊர்களில் மக்கள் தங்கள் பகுதியை உயர்த்திக் கட்டினார்கள். ரெக்டர் பதவி தொலைவில் இருந்த ஒரு மடத்தின் கையில் இருந்தால், கூரை ஒழுகாத வரை அது கவலைப்படவில்லை.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். எட்டாம் ஹென்றி காலத்தில் மடங்கள் கலைக்கப்பட்டபோது அவற்றின் நிலங்களோடு பொறுப்பும் கைமாறிக்கொண்டே வந்தது. வாரிக்‌ஷயரில் ஆஸ்டன் கான்ட்லோ ஊரில் ஒரு பண்ணைக்குச் சொந்தக்காரர்களான தம்பதியிடம், சான்சலைப் பழுதுபார்க்க 95,000 பவுண்டுக்கு மேல் கேட்டார்கள். வழக்கு அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை வரை போனது, 2003-ல் தம்பதி தோற்றார்கள். இங்கிலாந்தில் வீடு வாங்கும்போது வக்கீல் சான்சல் பொறுப்பைப் பற்றித் தேடல் போடுவது இதனால்தான்.

சுற்றிவரும்போது தெற்குச் சுவரில், இடுப்பு உயரம் முதல் கண் உயரம் வரை கல்லை உற்றுப் பாருங்கள். நடுவில் ஒரு ஓட்டை, அதிலிருந்து விசிறிபோல் இறங்கும் கீறல்கள் தெரிந்தால் அது பூசை நேரம் காட்டிய நிழல் கடிகாரம். ஓட்டையில் செருகியிருந்த குச்சி போய்விட்டது. சில ஊர்களில் இந்தக் கீறல் வெயிலே படாத முகமண்டபத்துக்குள் இருக்கும், சில இடங்களில் தலைகீழாக இருக்கும். முதல் வகையில் மண்டபம் பிற்பாடு கட்டப்பட்டிருக்கிறது, இரண்டாவதில் கல்லைப் பெயர்த்து வேறு இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

கோபுரத்தின் கிழக்கு முகத்தில், இன்றைய கூரைக்கு மேலே, தலைகீழ் 'வி' வடிவக் கோடு தெரிகிறதா? பழைய கூரை அங்கே சாய்ந்திருந்தது. வடக்குச் சுவரில் அடைத்த கதவு இருந்தால் 'பிசாசின் வாசல்' என்று யாராவது சொல்வார்கள். ஞானஸ்நானத்தின்போது குழந்தையைவிட்டு ஓடும் பிசாசு வெளியேறத் திறந்து வைப்பார்களாம். நல்ல கதை, ஆனால் ஆதாரமில்லை. பவனி சுற்றிவரப் பயன்பட்ட வாசல் அது. சீர்திருத்தத்துக்குப் பிறகு பவனி நின்றது, கதவையும் அடைத்துவிட்டார்கள்.

சன்னலைப் பார்த்து வயதைச் சொல்வது

இங்கேதான் புதியவர்கள் மிரளுவார்கள். மிரளத் தேவையில்லை, நாலே வகை. இந்த வகைப் பெயர்களைத் தந்தவர் தாமஸ் ரிக்மன். கட்டடக்கலையைத் தானே கற்றுக்கொண்ட குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், 1817-ல் இதை வெளியிட்டார். இன்றும் அந்தப் பெயர்கள்தான் புழக்கத்தில் இருக்கின்றன.

அரைவட்ட வளைவு, தடித்த சுவர், வளைவைச் சுற்றி கோணல்மாணலாக ஓடும் பல்வரிசை அலங்காரம் என்றால் நார்மன். 1066-லிருந்து ஏறக்குறைய 1190 வரை. ஹெரிஃபர்ட்‌ஷயரில் கில்பெக் தேவாலயத்தைப் பார்த்தால் இந்த வகை மறக்கவே மறக்காது. வாசல் தூணில் பின்னிக்கிடக்கும் பாம்புகள், கூரை விளிம்புக்குக் கீழே வரிசையாக நாயும் முயலும் விநோத முகங்களும். ஒடுங்கி உயர்ந்த, கூர்முனைச் சன்னல் என்றால் 13-ம் நூற்றாண்டின் ஆரம்ப ஆங்கிலப் பாணி. சன்னலின் மேல்பகுதியில் கல்லே கொடியாகப் படர்ந்து, இலையும் தீச்சுடருமாக நெளிந்தால் அலங்காரப் பாணி, ஏறக்குறைய 1350 வரை. அதற்குப் பிறகு கல் கம்பிகள் நெளிவதை விட்டுவிட்டு, அடியிலிருந்து உச்சி வரை நேராக ஏறும். அது செங்குத்துப் பாணி, 1530கள் வரை நீண்டது. இவற்றுக்கெல்லாம் முந்திய சாக்ஸன் காலத்தவை மிகக் குறைவு. நார்தாம்ப்டன்‌ஷயரில் எர்ல்ஸ் பார்ட்டன் கோபுரத்தில், மரச் சட்டம் அடித்ததுபோல் கல் பட்டைகள் ஓடுவதைப் பார்த்தால் போதும்.

ஓர் எச்சரிக்கை. சன்னலின் வயது சுவரின் வயது ஆகாது. பழைய சுவரைக் குடைந்து புதுச் சன்னல் வைப்பது அன்றாட வேலை. அப்புறம் விக்டோரியா காலத்தவர்கள் எல்லாப் பாணியையும் நகலெடுத்து வைத்திருக்கிறார்கள். விளிம்பு கத்தி மாதிரி கூராக, எல்லாக் கல்லும் ஒரே நிறத்தில் இருந்தால் சந்தேகப்படுங்கள். அப்படி அளவு மீறிச் சுரண்டிப் புதுப்பித்ததைப் பொறுக்காமல்தான் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1877-ல் பழங்காலக் கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்.

கதவைத் திறப்பது

முகமண்டபத்துக்குள் போனால் கனத்த ஓக் மரக் கதவு, நடுவில் இரும்பு வளையம். அதை இழுத்தால் வராது. வளையத்தைத் திருகினால் உள்ளே தாழ்ப்பாள் 'டங்' என்று தூக்கும், அப்போது தோளால் தள்ள வேண்டும். முதல்முறை நான் வளையத்தை இழுத்துப் பார்த்துவிட்டுப் பூட்டியிருக்கிறது என்று திரும்பிப் போயிருக்கிறேன். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் உடைந்த சிறு கல் கிண்ணம் இருந்தால் அது தீர்த்தத் தொட்டி. முன்விளிம்பு உடைந்துதான் பெரும்பாலும் இருக்கும்.

ஞானஸ்நானத் தொட்டி

உள்ளே போனதும் மேற்குப் பக்கத்தில், கதவுக்கு அருகே நிற்கும். ஞானஸ்நானம்தான் கிறிஸ்தவ வாழ்வின் வாசல், அதனால் வாசலருகே. தொட்டியின் மேல்விளிம்பில் எதிரெதிராக இரண்டு இடத்தில் கல் பெயர்ந்து, அங்கே ஈயமோ துருவோ தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மந்திரித்த தண்ணீரை எடுத்துப் போய்ப் பில்லிசூனியத்துக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று, 1236-ல் கேன்டர்பரி பேராயர் எட்மண்ட் தொட்டிகளை மூடிப் பூட்டச் சொன்னார். பூட்டு மாட்டிய கொண்டி இருந்த இடம்தான் அந்த வடு. பிற்காலத்தில் யாரோ அதைப் பிடுங்கியபோது கல்லும் சேர்ந்து வந்துவிட்டது.

மூடி சில ஊர்களில் பெரிய கலைப்படைப்பாக வளர்ந்தது. சஃபோக்கில் அஃபர்ட் ஊரில் இருப்பது ஏறக்குறைய 18 அடி உயரம், கூரையை எட்டும் மரச் சிகரம். அதன் கீழ்ப்பகுதி மேல்பகுதிக்கு வெளியே வழுக்கி மேலேறும்படி செய்திருக்கிறார்கள். 1644-ல் உருவங்களை உடைக்க ஊர் ஊராகப் போன வில்லியம் டௌசிங் இங்கேயும் வந்தார். போப்பின் மூன்றடுக்கு முடி மாதிரி இருக்கிறது என்று தன் நாட்குறிப்பில் எழுதினார். ஆனாலும் மூடி தப்பியது.

நார்ஃபோக், சஃபோக் பக்கம் எட்டுப் பட்டைத் தொட்டிகளில் ஏழு பட்டையில் ஏழு அருட்சாதனங்களை (ஞானஸ்நானம், திருமணம் போன்ற சடங்குகளை) செதுக்கியிருப்பார்கள். முகங்களை மட்டும் உளியால் சீவியிருப்பார்கள். உடைப்பு வேலையைப் பக்கத்தில் நின்று பார்ப்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் கிடைக்காது.

நடு வளைவு: அதிகம் இழந்த இடம்

இப்போது கிழக்கே நடந்து, நேவும் சான்சலும் சேரும் வளைவின் கீழ் நில்லுங்கள். மொத்தக் கோயிலிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது.

இங்கே குறுக்கே ஒரு மரத் திரை நின்றது. கீழ்ப்பாதியில் பலகை, பலகையில் புனிதர்களின் ஓவியம். மேல்பாதி கண் தெரியும்படி திறந்தது. திரைக்கு மேல் ஆள் நடக்கும் அகலத்தில் ஒரு மாடம். அதற்கும் மேல் பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம், இருபுறமும் மாதாவும் யோவானும். சிலுவைக்குப் பழைய ஆங்கிலச் சொல் ரூட், அதனால் இது ரூட் திரை. ஊர்மக்கள் பூசையைப் பார்த்ததெல்லாம் இந்தத் திரையின் ஊடாகத்தான். 1548-க்குள் சுரூபங்களை இறக்கச் சொல்லி ஆணை வந்தது. மாடங்களை அகற்ற 1561-ல் எலிசபெத் அரசி ஆணையிட்டார். கீழ்த் திரை மட்டும் இருக்கலாம் என்று அதே ஆணையில் சொன்னதால்தான் நார்ஃபோக்கின் ரான்வொர்த் போன்ற ஊர்களில் வண்ணத் திரையை இன்றும் பார்க்கிறோம்.

திரையே இல்லாத கோயிலிலும் அதன் தடம் இருக்கும். வளைவுக்குப் பக்கத்துச் சுவரில், பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில், எங்கும் போகாத ஒரு சின்ன வாசல் தெரியும். கீழே தேடினால் அதற்கு ஏறும் குறுகிய கல் படிக்கட்டு இருக்கும், சில இடங்களில் அடைத்திருப்பார்கள். மெழுகுத்திரி ஏற்றப் போனவர் ஏறிய படி அது. படிகள் நடுவில் தேய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு மேலே அந்த வெற்று வாசலைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது.

வளைவுக்கு மேல் சுவரில் கடைசித் தீர்ப்பு ஓவியம் இருந்திருக்கும், ஆங்கிலத்தில் டூம் என்பார்கள். சஃபோக்கில் வென்ஹாஸ்டன் ஊரில் அதைச் சுவரில் வரையாமல், வளைவை அடைத்த மரப்பலகைகளில் வரைந்திருந்தார்கள். சீர்திருத்தக் காலத்தில் சுண்ணாம்பு பூசி மறைத்துவிட்டார்கள். 1892-ல் பழுதுபார்ப்பு வேலையின்போது, பழைய பலகைகள் என்று கழற்றிக் கல்லறைத் தோட்டத்தில் எறிந்தார்கள். இரவு மழை பெய்தது. சுண்ணாம்பு கரைந்து, காலையில் புல்லில் முகங்கள் கிடந்தன.

இப்போது அந்தப் பலகைகள் கோயிலுக்குள்ளேயே மாட்டப்பட்டிருக்கின்றன. ஒரு பக்கம் பேதுரு ஆத்துமாக்களை வரவேற்கிறார். எல்லோரும் நிர்வாணம், ஆனால் ராஜாவுக்குத் தலையில் கிரீடம் இருக்கிறது, ஆயருக்கும் கர்தினாலுக்கும் அவரவர் தொப்பி. ஆத்துமாக்களை நிறுக்க அதிதூதர் மிக்கேல் தராசு பிடிக்கிறார். மறுமூலையில் நரகம் பெரிய மீன் வாயாகத் திறந்திருக்கிறது. நடுவில் மூன்று வெற்று உருவங்கள், அங்கே வண்ணமே இல்லை. பாடுபட்ட சுரூபமும் மாதாவும் யோவானும் பலகையோடு ஒட்டி நின்ற இடங்கள். ஓவியர் அவற்றைச் சுற்றி வரைந்திருக்கிறார். சுரூபங்கள் அழிந்து போய் ஐந்நூறு வருடம் ஆகப்போகிறது, அவற்றின் உருவ அளவு மட்டும் அங்கே நிற்கிறது. முடிந்தால் இந்த ஒன்றையாவது போய்ப் பாருங்கள்.

சான்சலுக்குள்

தெற்குச் சுவரைப் பாருங்கள். கல் மாடத்துக்குள் சிறு கிண்ணம், அதன் நடுவில் வடிகால் ஓட்டை. அது பிசினா. குரு கையையும் நற்கருணைக் கிண்ணத்தையும் கழுவிய நீர் கண்ட இடத்தில் போகக் கூடாது என்பதால், ஓட்டை வழியாகச் சுவருக்குள் இறங்கி மந்திரித்த மண்ணுக்கே போகும். இதைத் தெரிந்துகொண்டால் பெரிய பயன் உண்டு. நேவின் பக்கவாட்டுப் பகுதியில் எங்காவது பிசினா இருந்தால், அங்கே ஒரு காலத்தில் தனிப் பலிபீடம் இருந்திருக்கிறது. இறந்தவர்களின் ஆத்துமாவுக்காகப் பூசை வைக்கப் பணக்காரர்கள் விட்டுப்போன அறக்கட்டளைகளை 1547-ல் அரசு எடுத்துக்கொண்டது. பீடம் போனது, கிண்ணம் தங்கிவிட்டது.

பிசினாவுக்கு அடுத்து மூன்று கல் இருக்கைகள், பூசை வைக்கும் குருவுக்கும் உதவும் இருவருக்கும். எதிரே வடக்குச் சுவரில் அலங்காரமான மாடம் இருந்தால் ஒருவேளை அது ஈஸ்டர் கல்லறை. புனித வெள்ளியன்று நற்கருணை அப்பத்தையும் சிலுவையையும் அதற்குள் 'அடக்கம்' செய்து, உயிர்ப்பு ஞாயிறு காலை வரை ஊர்மக்கள் காவல் இருப்பார்கள். லிங்கன்‌ஷயரில் ஹெக்கிங்டன் ஊரில் இருப்பது அருமையானது. அடியில் காவல் வீரர்கள் தூங்குகிறார்கள்.

தரையும் பாருங்கள். 1550-ல் கல் பலிபீடங்களை அகற்றி மர மேசை போடச் சொன்னபோது, சில ஊர்களில் பீடக் கல்லைத் தரையில் பதித்துவிட்டார்கள். நாலு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து சிறு சிலுவைகள் வெட்டிய பெரிய பலகைக்கல் கண்ணில் பட்டால் மிதிக்காமல் ஒதுங்குங்கள்.

தலைக்கு மேலும் காலுக்குக் கீழும்

நார்ஃபோக், சஃபோக் அடங்கிய கிழக்கு ஆங்கிலியாவில் கூரையில் மரச் சம்மனசுகள் (தேவதூதர்கள்) சிறகு விரித்திருக்கும். பைனாகுலர் இதற்குத்தான். சஃபோக்கின் பிளைத்பரோவில் அந்தச் சிறகுகளில் ஈயக் குண்டு துளைத்த ஓட்டைகள் உண்டு. டௌசிங்கின் ஆட்கள் சுட்டார்கள் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். குண்டுகளை ஆராய்ந்தபோது அவை 18-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. கூரைக்குள் வந்த காக்கைகளைச் சுட ஊர்க் கணக்கில் வெடிமருந்துக்குச் செலவெழுதியிருக்கிறார்கள். எல்லா வடுவையும் மதச்சண்டைக்குக் கணக்கெழுதிவிடக் கூடாது. அதே கோயிலின் வடக்குக் கதவில் கரிந்த தடங்களைப் பிசாசு நாயின் நகக்கீறல் என்பார்கள். 1577 ஆகஸ்ட் 4 அன்று புயலில் கோபுரத்தின் ஊசிமுனை கூரையைப் பிளந்துகொண்டு விழுந்தது, இருவர் இறந்தார்கள். அதைச் சுற்றிப் பின்னிய கதை அது.

தரையில் பித்தளைத் தகட்டு உருவங்களைத் தேடுங்கள். தகடு போய்விட்ட இடத்திலும் ஆள் வடிவப் பள்ளம் இருக்கும். கிளாஸ்டர்‌ஷயரின் நார்த்லீச்சில் ஆட்டு ரோம வியாபாரிகள் தங்கள் காலடியில் ஆட்டையும் ரோம மூட்டையையும் வைத்துப் படுத்திருக்கிறார்கள். பிரபுக்கள் காலடியில் சிங்கம் வைத்துக்கொண்ட காலத்தில், தங்களுக்குச் சோறு போட்டதை இவர்கள் வைத்துக்கொண்டார்கள். கால்மேல் கால் பின்னிய கல் வீரன் சிலுவைப் போருக்குப் போனவன் என்று சொல்வதை நம்ப வேண்டாம், அது வெறும் வாய்வழிப் பேச்சு.

பெஞ்சுகளைப் பற்றிச் சுருக்கமாக: 15-ம் நூற்றாண்டுக்கு முன் பெரும்பாலோர் நின்றுதான் பூசை கண்டார்கள். ஓரத்துப் பலகைச் செதுக்கல்களைப் பாருங்கள், அவை ஊர்த் தச்சர்களின் கைவேலை. ஷ்ரோப்‌ஷயரின் லட்லோவில் பாடகர் இருக்கைகளைத் தூக்கிவிட்டால் அடியில் ஒரு செதுக்கல் இருக்கிறது. அளவு குறைத்து பீர் விற்றவளைப் பிசாசு தோளில் போட்டு நரகத்துக்குத் தூக்கிப் போகிறது.

கடைசியாகச் சுவர்க் கிறுக்கல்

கிளம்பும் முன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது, சாய்வாக அடித்தால் கீறல்கள் எழும்பி வரும். காம்பஸ் கொண்டு வரைந்த ஆறிதழ்ப் பூ, கப்பல், கை, பெயர்கள் எல்லாம் வரும். ஹார்ட்ஃபர்ட்‌ஷயரின் ஆஷ்வெல் ஊரில் கோபுரத்தின் உள்சுவரில் யாரோ லத்தீனில் கீறி வைத்திருக்கிறார்கள். கொள்ளைநோய் வந்து போனதை 1350 என்ற ஆண்டோடு எழுதி, கொடிய காலம், மக்களில் கடைப்பட்டவர்களே சாட்சி சொல்ல மிஞ்சியிருக்கிறார்கள் என்கிறது. அதன் கீழே, 1361-ல் புனித மௌருஸ் திருநாளில் உலகையே உலுக்கிய பெருங்காற்று அடித்தது என்று இன்னொரு வரி. எழுத்து கோணலாகத்தான் இருக்கிறது, ஆனால் அழுத்திக் கீறியிருக்கிறார்கள். கையால் தடவ வேண்டாம். அதன் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

வெளியே வரும்போது வருகைப் புத்தகத்தில் பெயரையும் ஊரையும் தமிழிலேயே எழுதுங்கள், உண்டியலில் ஏதாவது போடுங்கள். கூரை ஈயத்துக்கும் மழைநீர்க் குழாய்க்கும் அந்தப் பணம்தான் போகிறது. முகமண்டபத்தில் கம்பிவலைக் கதவு இருந்தால் அதையும் சேர்த்துச் சாத்திவிட்டு வாருங்கள். உள்ளே பறந்து வந்த குருவிக்குத் திரும்ப வழி தெரியாது, தண்ணீரில்லாமல் செத்துப்போகும்.